பளபளப்பு வேறு, சமதளம் வேறு!

கம்ப்யூட்டர் சூடாகிறது, கேம் ஆடும்போது திணறுகிறது என்று சொன்னால் போதும், உடனே ஒரு யோசனை வரும். "ஹீட்சிங்கைக் கழற்று, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய், முகம் தெரிகிற அளவுக்குப் பளபளன்னு ஆக்கு. பத்து டிகிரி குறையும்!" பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய பார்ட்ஸ் வாங்கி வந்து ஓசூரில் அசெம்பிள் செய்யும் மாணவனுக்கு இது ரொம்பவே பிடித்துப்போகும். செலவு நாலு உப்புத்தாள்தானே!

யோசனையில் உண்மை இல்லாமல் இல்லை. ப்ராசசரின் மூடியும் ஹீட்சிங்கும் பார்வைக்கு ஒட்டியிருந்தாலும் நடுவே நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அதில் காற்று தங்கும். காற்றைவிடச் செம்பு பத்தாயிரம் மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பம் கடத்தும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். ஆனால் பேஸ்ட்டும் செம்புக்கு அருகில் வராது. ஆகவே இரண்டு பரப்புகளும் எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது.

தப்பு எங்கே நடக்கிறது? பளபளப்பையும் சமதளத்தையும் ஒன்றாக நினைப்பதில்தான்!

கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர்போனது. வீட்டுத் தரையில் பதிக்கும் கிரானைட் கண்ணாடி மாதிரி மின்னும். அதற்காக அதை யாராவது டூல் ரூமில் அளவு பார்க்க வைப்பார்களா? அங்கே இருக்கிற சர்ஃபேஸ் பிளேட்டும் கிரானைட்தான். ஆனால் அது பெரும்பாலும் மின்னாது, மங்கலாகத்தான் இருக்கும். அதன் மதிப்பு சமதளத்தில்.

1840-லேயே இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் இதைச் சொல்லிவிட்டார். எமரித் தூள் போட்டுத் தேய்த்தால் மேடு எது, பள்ளம் எது என்று அதற்குத் தெரியாது, இரண்டையும் சேர்த்தே தின்றுவிடும் என்பது அவர் வாதம். மேட்டைக் கண்டுபிடித்து அதை மட்டும் சுரண்டி எடுப்பதே அவர் வழி. கையால் தேய்ப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கை லேசாக ஆடும், ஓரங்கள் அதிகம் தேயும், நடு மேடாகும். ஹீட்சிங்க் மின்னும், ஆனால் முன்பைவிட மோசமாக உட்காரும்!

ஓசூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. 1980-களிலிருந்து மொபெட், லாரி, கைக்கடிகாரம் என்று செய்து வரும் ஊர். ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிக்கிறவர் முதலில் கற்பதே ஒரு இரும்புத் துண்டை அரம் போட்டுச் சமமாக்குவது. மார்க்கிங் ப்ளூ தடவி, பிளேட்டில் வைத்து இழுத்து, மை எங்கே ஒட்டுகிறது என்று பார்ப்பார். பிறகுதான் அரத்தைத் தொடுவார். அப்படிப்பட்ட அப்பாவோ அண்ணனோ வீட்டில் இருக்கும்போது, மகன் யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து ஹீட்சிங்கைத் தேய்த்துக்கொண்டிருப்பது வேடிக்கைதான்.

முதலில் அளக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை அடிப்பக்கத்தில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளி தெரியும். வெளிச்சம் கசியவில்லையா? தேய்க்காதீர்கள். கசிந்தாலும் அவசரம் வேண்டாம். சில கூலர்களில் நடுப்பகுதியை வேண்டுமென்றே லேசாக மேடாகச் செய்கிறார்கள். ஹீட்பைப் நேரடியாகத் தொடும் வகை என்றால் தேய்க்கத் தேய்க்கக் குழாயே ஓட்டையாகிவிடும். ப்ராசசர் மூடியைத் தேய்த்தால் நிக்கல் பூச்சு போகும், கூடவே வாரண்டியும் போகும். 2021-ல் வந்த இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் பூட்டுகிற அழுத்தத்திலேயே ப்ராசசர் வளைந்தது. அங்கே ஹீட்சிங்கை மட்டும் தேய்த்து என்ன பயன்?

இவ்வளவு பாடுபட்டாலும், கோணல் இல்லாத அடிப்பக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஓரிரண்டு டிகிரிதான். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரிலிருந்து அதே கம்ப்யூட்டரைக் கோடையில் கிருஷ்ணகிரிக்கு எடுத்துப் போனாலே அந்த லாபம் காணாமல் போகும். அதைவிடத் தூசியைத் தட்டலாம், காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போடலாம், திருகுகளைச் சமமாக முறுக்கலாம். பழைய கம்ப்யூட்டர்களில் நோய் பெரும்பாலும் இங்கேதான்.

உண்மையிலேயே கோணலாக இருக்கிற ஹீட்சிங்க்கும் உண்டு. அதைத் தாராளமாகத் தேய்க்கலாம். தடித்த கண்ணாடி மேல் தாளை விரித்து, மார்க்கரில் கோடு போட்டு, எந்தக் கோடு அழியவில்லை என்று பார்த்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும். தெரியாவிட்டால் பக்கத்து வீட்டு ஃபிட்டரைக் கேட்கலாம். அவருக்குத் தெரிந்தது இரும்புதான், கம்ப்யூட்டர் இல்லை என்று நினைத்தால் நஷ்டம் கேட்காதவனுக்குத்தான்!