பெயருக்குப் பெருங்காசு, தையலுக்குச் சில்லறை!

தொழிலாளத் தோழர் ஒருவர் செருப்பு வாங்குகிறார். கடைத்தெருவுக்குப் போய் அல்ல. கடைக்காரர் எதிரே காலை நீட்டியும் அல்ல. இரவு ஷிப்டு முடிந்து, பேருந்தின் பின் இருக்கையில் அமர்ந்தபடியே, கைப்பேசியின் கண்ணாடியில் விரலைத் தேய்த்து வாங்குகிறார். ரூபாய் 2,999 என்று எழுதி, அதன் குறுக்கே ஒரு கோடு கிழித்து, பக்கத்திலே 1,199 என்று போட்டிருக்கிறார்கள். இன்னும் இரண்டே மணி நேரம், தவறவிட்டால் கிடைக்காது என்ற மிரட்டல் வேறு! மிச்சம் 1,800 ரூபாய் என்று மனம் கணக்குப் போடுகிறது. விரல் விழுகிறது, வியாபாரம் முடிகிறது.

வாங்கட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை. செருப்பு இந்த நாட்டிலே வெறும் தோல் துண்டல்ல என்பதை மறந்தவர்கள்தான் குறுக்கே நிற்பார்கள். செருப்பைக் கழற்றிக் கையிலே எடுத்துக்கொண்டு போ என்று ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாருக்கு ஆணையிட்ட நாடு இது. பழங்கதை பேசுகிறோம் என்று எண்ண வேண்டாம். 2023 டிசம்பரில்தான் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், தாழ்த்தப்பட்ட மக்கள் செருப்பணிந்து ஒரு தெருவில் நடந்து காட்டினார்கள், அது செய்தியாயிற்று. காலில் செருப்போடு தெருவில் நடந்தது செய்தி! அப்படிப்பட்ட நாட்டிலே, என்ன சாதி என்று கேளாமல், நில் என்று சொல்லாமல், காசைக் கொடு, சரக்கைப் பிடி என்று ஒரு கடை வந்தால், அந்த அளவுக்கு அது நல்ல கடைதான். நகரத்திலே மட்டும் கிடைத்த சரக்கு நாட்டுப்புறத்துக்கும் வருகிறது என்பதும் நன்மையே.

ஆனால், கோடு கிழித்த அந்த 2,999 எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்கிறோம்.

விலையின் கடைசியில் ஒன்பதைப் போட்டு ஆளை மயக்கும் வித்தை புதிதல்ல. ‘பாட்டா விலை’ என்று நம் ஊரில் கிண்டலாகச் சொல்வதுண்டே, அதே வித்தை. பாட்டா நம் நாட்டுக் கம்பெனி என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறார்கள். ‘தாத்தா காலத்துச் செருப்பு’ அல்லவா! உண்மையில், 1894இல் இன்றைய செக் நாட்டின் ஸ்லீன் என்ற ஊரில் தாமஸ் பாட்டா என்பவர் அண்ணனோடும் அக்காளோடும் சேர்ந்து தொடங்கிய தொழில் அது. 1930களில் கல்கத்தாவுக்குப் பக்கத்திலே கால் ஊன்றி, பாட்டாநகர் என்று தன் பெயராலேயே ஓர் ஊரையும் எழுப்பிக்கொண்டது. அந்தக் கம்பெனியிடம் நமக்கு ஆயிரம் வழக்கு இருக்கலாம். ஆயினும் ஒன்று உண்டு: அன்று செருப்பு விற்றவன் செருப்புச் செய்தான். ஆலை அவனுடையது. கூலி குறைந்தால் எந்த வாயிலில் போய்க் கொடி பிடிப்பது என்று தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது.

இன்று? நைக்கியை எடுத்துக்கொள்வோம். 1964இல் அமெரிக்காவில் தொடங்கியபோது அது ஜப்பானியச் செருப்பை வாங்கி விற்ற ஒரு சிறு வியாபாரம். 1971இல் அந்தப் பெயரும், சரிந்த கோடு போன்ற அந்தச் சின்னமும் வந்தன. சின்னத்தை வரைந்து கொடுத்த கரோலின் டேவிட்சன் என்ற மாணவிக்குக் கொடுத்த கூலி 35 டாலர். இன்று அந்தக் கோட்டுக்காகத்தான் நம் பிள்ளைகள் தவணை கட்டுகிறார்கள்! சரக்கைச் செய்யும் ஆலைகளோ பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்குச் சொந்தமானவை அல்ல. தைவான்காரரின் ஆலை, வியட்நாமியரின் கை, இந்தோனேசியரின் வியர்வை. நம் செய்யாறு சிப்காட்டிலும் தைவான் குழுமம் ஒன்றின் ஆலைகளில் இந்தச் சின்னத்துக்கான காலணிகள் தைக்கப்படுகின்றன. திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் பேருந்தேறிப் போய்த் தைக்கிறார்கள். செய்பவன் ஒருவன், செய்விப்பவன் ஒருவன், பெயர் வைப்பவன் ஒருவன், விற்பவன் ஒருவன். ஒருவனைக் கேட்டால் இன்னொருவனைக் கைகாட்டுவான்!

ஜெர்மனியின் ஒரே சிற்றூரில் பிறந்த அண்ணன் தம்பி இருவர் சண்டையிட்டுப் பிரிந்து, 1948இல் ஒருவர் பூமாவையும் 1949இல் மற்றவர் அடிடாசையும் நிறுவினார்கள். இன்று அந்த இரண்டு பெயருக்காகவும் நம் ஊர் இளைஞர்கள் கட்சி கட்டிக்கொண்டு வாதாடுகிறார்கள். வாதாடத் தகுந்த கட்சிகள் வேறு இல்லையா என்ன?

ஆம்பூருக்கு வாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை. பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டு உலகத்துக்கே செருப்புத் தைக்கும் ஊர்கள். இங்கே தைத்த காலணி இலண்டன் கடையிலும் மிலான் கடையிலும் வேறு பெயரோடு அமர்ந்திருக்கும். அந்தப் பெயருக்குரியவர்கள் பாலாற்றைக் கண்டதில்லை. கண்டிருந்தால் மூக்கைப் பிடித்திருப்பார்கள்! ஆற்றுநீரும் கிணற்றுநீரும் விளைநிலமும் தோல் கழிவால் கெட்டழிந்ததைத்தான் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றம் வரை கொண்டு போயிற்று. 1996 ஆகஸ்டு 28 அன்று, கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இந்தியாவின் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அந்த வழக்குத்தான் இன்றும் அடிக்கல். ஆனால் கெடுத்தவன் யார்? பதனிடும் முதலாளி மாத்திரமா? இன்னும் மலிவாகக் கொடு, இன்னும் விரைவாகக் கொடு என்று கடல் கடந்து கட்டளையிட்டவன் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை.

2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் அந்தச் சேற்றிலே மாண்டார்கள். பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாட்டாநகர் இருக்கும் அதே வங்கம்!

ஆலைக்குள்ளே வேலை செய்பவர்களுக்காவது வருகைப் பதிவு உண்டு, சம்பளச் சீட்டு உண்டு. வீட்டுத் திண்ணையிலே தைக்கும் பெண்களுக்கு? காலணியின் மேல்பாகத்தை, ‘அப்பர்’ என்பார்களே அதை, மூட்டையாகக் கட்டி இடைத்தரகர் வீட்டுக்கு வீடு போடுகிறார். ஊசியால் கைத்தையல் போட்டு மறுநாள் ஒப்படைக்க வேண்டும். விரல் கிழியும்; முதுகு வளையும்; கண் மங்கும். 2016இல் பிரிட்டனிலும் பெங்களூரிலும் உள்ள தொழிலாளர் ஆதரவு அமைப்புகள் ஆம்பூர்ப் பகுதிப் பெண்களைக் கண்டு அறிக்கை வெளியிட்டன. பிரிட்டிஷ் கடைகளில் 40 முதல் 100 பவுன் வரை விற்கும் காலணிக்கு, ஒரு ஜோடி தைத்தால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது 10 பென்னிக்கும் குறைவு. அன்றைய மதிப்பில் பத்து ரூபாய்கூட இல்லை! பத்து ஜோடி தைத்தாலும் நூறு ரூபாய் தேறாது. வைப்பு நிதி கிடையாது; மருத்துவ ஈட்டுறுதி கிடையாது; தொழிலாளி என்ற பெயரே கிடையாது. கோடு கிழித்த 2,999க்குப் பின்னால் இருக்கும் கை இப்படிப்பட்ட கை.

இதைச் சொன்னால், “என்ன செய்வது, வியாபாரம் அப்படி” என்பார் சிலர். அப்படி என்பது பொய். இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் நடந்த கொடுமைகளைத் தொழிற்சங்கத்தாரும் மாணவரும் ஊருக்கு ஊர் எடுத்துச் சொல்லிய பிறகு, 1998 மே மாதத்தில் நைக்கியின் தலைவர் ஃபில் நைட் தாமே மேடையேறி, தம் கம்பெனிச் சரக்கு அடிமைக் கூலிக்கும் கட்டாய வேலைக்கும் மறுபெயராகிவிட்டது என்று ஒத்துக்கொண்டார். 2005இல் தனக்காகச் சரக்குச் செய்யும் ஆலைகளின் பட்டியலை அந்தக் கம்பெனி வெளியிட்டது. முடியாது, வியாபார இரகசியம் என்று சொல்லிக்கொண்டிருந்தது எப்படி முடிந்தது? கேட்டார்கள், முடிந்தது. இந்த நாட்டிலே, 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விற்பவரின் பெயரும் முகவரியும், சரக்கு எந்த நாட்டில் ஆனது என்பதும் கைப்பேசிக் கடையில் காட்டப்பட வேண்டும். குறையைக் கேட்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும்; 48 மணி நேரத்துக்குள் புகாரை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நல்லது. எந்த நாடு என்று சொல்கிற கடை, எந்த ஆலை என்று சொன்னால் நாக்கு வெந்துவிடுமா? இந்த ஒரு வரியைச் சட்டத்திலே சேர்க்கச் சொல்லித்தான் நாம் குரல் எழுப்ப வேண்டும்.

பெட்டியைக் கொண்டுவந்து கொடுக்கும் தம்பியும் நம்மைச் சேர்ந்தவர்தான். மானேசரில் ஒரு கிடங்கிலே, ஆறு லாரிச் சரக்கையும் இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ சிறுநீர் கழிக்கவோ போகமாட்டோம் என்று தொழிலாளிகளை உறுதிமொழி எடுக்கச் சொன்னதாக 2024இல் செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே முன்வந்து விளக்கம் கேட்டது. ஃபிளிப்கார்ட்டின் 77 விழுக்காட்டுப் பங்கை வால்மார்ட் வாங்க 2018இல் பேசிய தொகை 1,600 கோடி டாலர். படி ஏறி இறங்குபவருக்குப் பெட்டிக்கு இத்தனை ரூபாய் என்பதுதான் கணக்கு. பெட்ரோல் அவருடையது, விழுந்தால் கால் அவருடையது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, இத்தகைய கம்பெனிகள் ஆண்டு வரவில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை தொழிலாளர் நலத்துக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஏட்டிலே இருக்கும் அந்த விழுக்காடு பைக்கு வருகிறதா என்று பார்ப்பது சங்கத்தின் வேலை.

இனி அளவைப் பற்றி. கடையிலே காலை வைத்துப் பார்த்து வாங்கிய காலத்தில் தெரியாத தொல்லை இது. எட்டாம் நம்பர் என்கிறோமே, அது யார் நம்பர்? ஆங்கிலேயன் நம்பர். வாற்கோதுமை மணி மூன்றை நீளவாக்கில் அடுக்கினால் ஓர் அங்குலம் என்பது அவன் பழைய கணக்கு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் ஒரு மணி தூரம், அதாவது அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு. அதே ஆண் கால் அமெரிக்கக் கணக்கில் ஏறக்குறைய ஒன்பது, ஐரோப்பியக் கணக்கில் 42. கைப்பேசியில் வெறும் எண்ணைப் பார்த்து அமுக்கினால் விரலுக்கு வீக்கந்தான். தவிரவும் அந்த எண் நீளத்தைச் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் காலை அளந்தது. நம்மவர் பாதம் வெள்ளையர் பாதத்தைவிட அகலமானது என்று கண்டது. ஆகையால், வாங்குவதானால் மாலையில் காலை அளந்து வாங்குங்கள். பகலெல்லாம் நின்று உழைத்த கால் மாலையில்தான் தன் முழு அளவைக் காட்டும். எண்ணை விட்டுவிட்டு, சென்டிமீட்டரில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வரிக் கணக்கையும் மறவாதீர்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிக்குச் சரக்கு வரி 5 விழுக்காடு, அதற்கு மேலே போனால் 18. பெயருக்கு ஆசைப்பட்டு 2,600க்குப் போகிறவர், பெயருக்கும் கட்டுகிறார், வரிக்கும் கட்டுகிறார்.

எல்லாவற்றினும் முக்கியமானது பூட்ஸ். ஆலையிலும் கட்டட வேலையிலும் போடும் பாதுகாப்புப் பூட்ஸைத் தொழிலாளர் பலர் தம் கைக்காசில், இப்போது கைப்பேசியில் வாங்குகிறார்கள். ஐந்நூறு ரூபாய்க்குப் ‘பாதுகாப்பு’ என்று எழுதியது கிடைக்கிறது. எழுதிவிட்டால் இரும்பு தாங்குமா? இந்தியத் தரம் 15298 இதற்கென்றே இருக்கிறது. அதன் இரண்டாம் பாகத்தின்படியான பூட்ஸின் முனைத்தொப்பி 200 ஜூல் தாக்கைத் தாங்க வேண்டும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இருபது கிலோ இரும்பு விரல்மேல் விழுந்தால் உண்டாகும் தாக்கு ஏறக்குறைய அவ்வளவு. ஐ.எஸ்.ஐ. முத்திரையும், சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் பூட்ஸில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அரசினரின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால், உரிமம் யார் பெயரில், எந்தச் சரக்குக்கு என்பது தெரிந்துவிடும். தெரியாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

அதைவிட முதல் வேலை ஒன்று உண்டு. வேலைக்கான பூட்ஸைத் தொழிலாளி ஏன் வாங்க வேண்டும்? இயந்திரத்துக்கு எண்ணெய் வாங்குகிறவர் யாரோ, அந்த இயந்திரத்தினடியில் நிற்கும் காலுக்குப் பூட்ஸ் வாங்க வேண்டியவரும் அவரே. ஒப்பந்தத் தொழிலாளிக்கும், வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளிக்கும் சேர்த்து, எத்தனை பேர், யாருக்கு என்ன அளவு என்று கிளைத் தோழர்கள் ஆலை வாரியாகப் பட்டியல் எடுக்கட்டும். அளவைச் சென்டிமீட்டரில் எழுதட்டும். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக் கோரிக்கைப் பத்திரத்தில், பஞ்சப்படிக்குக் கீழே அந்தப் பட்டியல் இணைக்கப்படட்டும்.