அரிசிக்கு வந்தவர்கள்

கல்லூரி விடுதியில் கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் ஒரு பழைய படம் போட்டார்கள். பேர் ‘தி கீஸ் ஆஃப் தி கிங்டம்’. ஏ.ஜே. குரோனின் 1941இல் எழுதிய நாவலை வைத்து 1944இல் ஹாலிவுட்டில் எடுத்தது. கிரெகரி பெக் ஸ்காட்லாந்துப் பாதிரியாராக வருகிறார். சீனாவில் ஓர் ஊருக்கு வந்து சேருகிறார். மிஷன் இடிந்து கிடக்கிறது. அப்போது ஒரு புருசனும் பொஞ்சாதியும் வந்து நிற்கிறார்கள். ஹோசன்னா வாங், பிலோமினா வாங். நாங்கள்தான் இங்கே உபதேசியார்கள், எங்களுக்குச் சம்பளம் உண்டு என்கிறார்கள். காசுக்காக வேதத்தில் இருக்கிற ஆட்கள் என்று பாதிரியாருக்குத் தெரிந்துவிடுகிறது. கொடுக்க முடியாது என்று விரட்டிவிடுகிறார். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

லீவில் ஊருக்குப் போனபோது அப்பாயிக்கு இந்தக் கதையைச் சொன்னேன். சிரிக்கும் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “அந்தப் புருசன் பொஞ்சாதி அப்பறம் எங்க போனாங்க? என்னத்தத் தின்னாங்க?” என்று கேட்டது. என்னிடம் பதில் இல்லை. அவர்கள் வயிற்றைப் பற்றி அந்தப் படத்துக்கு அக்கறை கிடையாது.

அந்தக் கேள்வி அப்பாயிக்கு ஏன் வந்தது என்று புரிய எனக்குச் சில வருஷம் ஆனது. ஊர்த்தெருவில் அப்பாயியைக் ‘கோதுமைக் கிறிஸ்தவச்சி’ என்று கூப்பிட்டவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு ‘ரைஸ் கிறிஸ்டியன்’ என்று பேர். அரிசிக்காக வேதத்தில் சேர்ந்தவன். மதத்தைத் தின்று பிழைக்கிறவன் என்று சீனத்திலும் ஒரு சொல் இருக்கிறது. நம்மூரில் கோதுமை, பால்பவுடர். ஹோசன்னாவைப் பார்த்து விடுதியில் சிரித்த நான் அப்பாயியைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறேன்.

அதே படத்தில் இன்னொருத்தர் வருகிறார். மிஸ்டர் சியா. ஊரில் பெரிய பணக்காரர். அவர் மகன் கையில் சீழ்பிடித்துச் சாகக் கிடக்கிறான். பாதிரியார் கீறிச் சீழெடுத்துப் பிழைக்க வைக்கிறார். கைம்மாறாக நான் கிறிஸ்தவன் ஆகிறேன் என்று வந்து நிற்கிறார் சியா. நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். அப்படியானால் வேண்டாம் என்று பாதிரியார் மறுத்துவிடுகிறார். உடனே சியா மனம் நெகிழ்ந்து மிஷன் கட்ட ஒரு குன்றையே எழுதிக் கொடுக்கிறார்.

யோசித்துப் பாருங்கள் தோழர்களே. ஹோசன்னாவும் நம்பிக்கை இல்லாமல்தான் வந்தான், சியாவும் நம்பிக்கை இல்லாமல்தான் வந்தார். அவன் மாசச் சம்பளத்துக்கு, இவர் மகன் உயிருக்கு. இரண்டும் கொடுக்கல் வாங்கல்தான். பணக்காரன் செய்தால் அது நன்றிக்கடன், ஏழை செய்தால் பித்தலாட்டம். ஒருத்தருக்கு மரியாதையாக மறுப்பு, பிறகு நட்பு, பிறகு நிலம். இன்னொருத்தனுக்குக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை. இதில் பாதிரியாரும் மிஷன் காசில்தான் சாப்பிடுகிறார். அவரை யாரும் அரிசிப் பாதிரியார் என்று சொல்வதில்லை.

நான் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். இந்த நியாயத்தைத் தினமும் பார்க்கிறேன். பெரிய கடன் கேட்டு வருகிறவர் நேரே மேனேஜர் அறைக்குப் போவார், காபி வரும். முதியோர் பென்ஷன் எடுக்க வருகிற ஆயாவிடம் ரேகை சரியாய் விழலை, நாளைக்கு வாங்க என்போம். அவர் வாங்குவது தொழில் வளர்ச்சி, இது வாங்குவது இலவசம்.

இது ஒரு படத்தின் கோளாறு என்று சிலர் சொல்லலாம். இன்னொன்றைப் பார்ப்போம். 1958இல் வந்த ‘தி இன் ஆஃப் தி சிக்ஸ்த் ஹேப்பினஸ்’. மார்க் ராப்சன் இயக்கம், இன்கிரிட் பெர்க்மன் நடிப்பு. இது கிளாடிஸ் அயில்வார்ட் என்கிற நிஜப் பெண்ணின் கதை. லண்டனில் பெரிய வீடுகளில் வேலைக்காரியாக இருந்தவர். சீனாவுக்கு ஆள் அனுப்பும் மிஷன் சங்கம் இவருக்குப் படிப்பு ஏறாது என்று தள்ளிவிட்டது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சைபீரியா வழியாகப் போகும் ரயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு கட்டி, 1930களின் தொடக்கத்தில் ஷான்ஷி மாகாணத்து யாங்செங் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். 1936இல் சீனக் குடியுரிமை வாங்கினார். 1940இல் ஜப்பான் படைக்குத் தப்பி நூறு பிள்ளைகளை மலை தாண்டி நடத்திக் கூட்டிப்போனார். நம்மைப் போல ஒரு கூலிக்காரப் பெண். இவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் படம் என்ன செய்கிறது? யாங்செங்கில் கிளாடிசும் ஜீனி லாசன் என்ற வயதான மிஷனரியும் கோவேறு கழுதை ஓட்டிகளுக்கு ஒரு சத்திரம் நடத்துகிறார்கள். சுடுசோறு, படுக்க இடம், கூடவே சும்மா கேட்டுக்கொள்ள பைபிள் கதை. சோறும் வேதமும் ஒரே தட்டில். அரிசி காட்டி ஆள் பிடிப்பது என்றால் இதுதானே? படம் இதைக் கொஞ்சிக் கொஞ்சிக் காட்டுகிறது. சோறு போடுகிறவர் பக்கமிருந்து பார்த்தால் அன்பு. அதே சோற்றை வாங்கித் தின்றவன் பக்கமிருந்து பார்த்தால் ஏமாற்று. கடைசியில் ஊர் அதிகாரி கிளாடிஸ்மேல் வைத்த மதிப்பால் கிறிஸ்தவர் ஆகிறார். அங்கே இசை பொங்குகிறது, கண்ணீர் வருகிறது. ஓர் ஆளின் நல்ல குணத்துக்காக மாறினால் புனிதம். ஓர் ஆள் போட்ட சோற்றுக்காக மாறினால் கேவலம்.

யார் முகத்தை யாருக்குக் கொடுத்தார்கள் என்றும் பாருங்கள். மிஸ்டர் சியாவாக நடித்தவர் லியோனார்ட் ஸ்ட்ராங், வெள்ளைக்காரர். யாங்செங் அதிகாரியாக ராபர்ட் டோனட், வெள்ளைக்காரர். சீன ராணுவ அதிகாரியாக கர்ட் யூர்கென்ஸ், அவரும் வெள்ளைக்காரர். மதிப்புள்ள சீனனுக்கு வெள்ளை முகம். கிளாடிசையே விட்டார்களா? குள்ளமான, கறுத்த முடி கொண்ட வேலைக்காரி திரையில் நெட்டையான சுவீடன் நாட்டு அழகியாகிவிட்டார். காதல் காட்சிகள் வேறு சேர்த்தார்கள். அதில் அவருக்கே மனவருத்தம் இருந்தது. காப்பாற்றுகிறவள் ஏழையாகத் தெரிந்தால் தியாகம் எடுபடாது போலிருக்கிறது.

படத்தில் மலை ஏறும் பிள்ளைகள் சீனாவில் ஏறவில்லை, வேல்ஸ் நாட்டு மலைகளில் ஏறினார்கள். அதில் பெரும்பாலோர் லிவர்பூல் நகரத்துச் சீனக் குடும்பப் பிள்ளைகள். அந்த நகரத்தில் 1945-46இல் என்ன நடந்தது? உலகப் போரில் பிரிட்டனுக்காகக் கப்பலோட்டிய சீன மாலுமிகளைப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு ரகசியமாக நாடுகடத்தியது. பெண்டாட்டி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்ளாமலே பலர் கொண்டுபோகப்பட்டார்கள். புருசன் விட்டுட்டு ஓடிட்டான் என்று நினைத்தே வாழ்ந்து செத்த பெண்கள் உண்டு. பன்னிரண்டு வருஷம் கழித்து அதே நகரத்துப் பிள்ளைகளை அழைத்துப்போய், சீன அநாதைகளை ஓர் ஆங்கிலப் பெண் காப்பாற்றினாள் என்று படமெடுத்தார்கள். கொடுத்த கணக்கு மட்டும் எழுதுகிற பேரேடு இது. பிடுங்கிய கணக்குக்கு அதில் பக்கம் இல்லை.

சரி, ஹோசன்னாவும் பிலோமினாவும் யார்? அவர்களுக்கு ஹாலிவுட் நிஜச் சீன முகங்களைத் தேடிப் பிடித்தது. ஹோசன்னாவாக நடித்தவர் எச்.டி. சியாங். கவிஞர், நாவலாசிரியர், இடதுசாரி. பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதிகளைத் தன் கைக்காசில் அச்சடித்துக் கூட்டம் கூட்டமாய்ப் போய் விற்றவர். வேலையில்லாதவனின் நியூயார்க் நாளைப் பற்றி 1935இல் அவர் அச்சிட்ட ‘தி ஹேங்கிங் ஆன் யூனியன் ஸ்கொயர்’ நாவலைப் பெங்குவின் கிளாசிக்ஸ் 2019இல்தான் மறுபதிப்பு செய்தது. நாடுகடத்தப்படும் நிலையில் எல்லிஸ் தீவில் அடைபட்டுக் கிடந்தவர். பிலோமினாவாக நடித்த சி-லான் சென் டிரினிடாடில் பிறந்தவர். அப்பா யூஜின் சென், 1927இல் சீனப் புரட்சி அரசின் வெளியுறவு அமைச்சர். அம்மா ஆப்பிரிக்க வழி வந்தவர். மாஸ்கோவில் நடனம் பயின்றார். கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அவரை அங்கே சந்தித்துப் பழகினார். சீனர்களை உள்ளே விடாத அமெரிக்கச் சட்டம் 1882இல் வந்தது. 1943இல் அதை நீக்கியபோதும் வருஷத்துக்கு 105 பேர் என்றுதான் கதவைத் திறந்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் வந்த இந்தப் படத்தில் அந்தக் கவிஞருக்கும் அந்த நடனக்காரிக்கும் கிடைத்தது சோற்றுக்கு ஏமாற்றுகிற வேடம். அவர்களுக்கும் அது சோற்றுக்கான வேலைதான். நானும் கவிதை எழுதுகிறவன், என் செலவில் அச்சடித்தவன். சிரித்ததை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இந்த வசை எந்த மண்ணிலிருந்து முளைத்தது? 1876இலிருந்து 1879 வரை வடசீனாவில் மழை பொய்த்தது. செத்தவர்கள் 90 லட்சத்திலிருந்து 1 கோடியே 30 லட்சம் வரை என்கிறது மதிப்பீடு. அதிகம் அடிபட்டது ஷான்ஷி, பின்னாளில் கிளாடிஸ் போன அதே மாகாணம். அதே காலத்தில்தான் இங்கே தாது வருஷப் பஞ்சம். இரண்டு இடத்திலும் கஞ்சி ஊற்றியவர்களில் மிஷனரிகள் இருந்தார்கள். இரண்டு இடத்திலும் அந்தக் கஞ்சியை வைத்தே ஏழையின் நம்பிக்கையை அளந்தார்கள். அன்றைய சென்னை மாகாணத்து ஓங்கோலில் ஜான் கிளஃப் என்ற அமெரிக்க மிஷனரி பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையை எடுத்து மாதிகர்களுக்குக் கூலி கொடுத்தார். கூலிக்காக மாறினார்கள் என்று பேச்சு வரும் என்று பஞ்ச காலத்தில் ஞானஸ்நானத்தை நிறுத்தி வைத்தார். நிறுத்தியும் என்ன ஆனது? 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் வாங்கினார்கள். பஞ்சத்துக்குப் பத்து வருஷம் முன்பே எர்ரகுண்ட்ல பெரியா என்ற மாதிகர், தோல் வியாபாரி, ஊர் ஊராய்ப் போய் அதற்கு வழி போட்டிருந்தார். மக்கள் ஒரு கணக்குப் போட்டு வந்தார்கள். அதைப் போட்டது அவர்கள் மூளை.

இதையெல்லாம் இப்போது ஏன் பேச வேண்டும்? மிஷனரியைத் தூக்கி வைத்து ஆடுகிற படமும், மிஷனரியை அடித்து விரட்டுகிற மதவெறிக் கூட்டமும் ஓர் இடத்தில் கைகுலுக்கிக்கொள்கின்றன. ஏழைக்கு வயிறு உண்டு, புத்தி கிடையாது என்கிற இடம் அது. 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. பலவந்தம், ஆசைகாட்டல், மோசடி மூலம் மதம் மாற்றினால் தண்டனை. மாற்றப்பட்டவர் குழந்தையோ பெண்ணோ தாழ்த்தப்பட்டவரோ பழங்குடியோ என்றால் தண்டனை இன்னும் கூடுதல். நம்மைக் குழந்தைகளோடு சேர்த்து எழுதினார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 2004இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். எழுதிய கையின் நினைப்பு அதனால் மாறிவிடவில்லை.

லாபத்துக்கு மாறினான் என்கிறவர்கள் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவன் ஆன தலித்துக்கு அட்டவணைச் சாதி உரிமை இல்லை என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திருத்தினார்கள், கிறிஸ்தவனுக்குத் திருத்தவில்லை. மாறியவன் இழந்திருக்கிறான். மாறிப் போன இடத்திலும் சாதி காத்திருந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்த தலித்தைப் பிரித்து நிற்கும் சுவரைக் கோதுமை வாங்கியவனா கட்டினான்?

அப்பாயி சாவதற்கு ஒரு வருஷம் முன்னால் நேராகவே கேட்டேன். மறைக்கவில்லை. “கோதும வாங்குனது நெசந்தான். மூணு மாசம் களி கிண்டித் தின்னோம். பசிக்குதுன்னா வாங்கித்தான் திங்கணும், அதுல என்ன வெக்கம்? ஆனா ஒங்கப்பன அந்தப் பள்ளிக்கொடத்துல பெஞ்சுல ஒக்கார வச்சாங்கடா. ஊர்ப் பள்ளிக்கொடத்துல மண்ணுலதான் ஒக்காரணும்.” இதுதான் அந்தக் கணக்கு. 1936இல் பம்பாயில் மகர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், மதமாற்றத்தை வாழ்க்கைப் பக்கமாகவும் ஆன்மீகப் பக்கமாகவும் சேர்த்தே பார்க்கச் சொன்னார். எழுத்து தெரியாத அப்பாயி அதைத்தான் செய்திருக்கிறது.

நம்மில் பலர் இந்த வசைக்குப் பயந்து, எங்க தாத்தா அரிசிக்கு மாறலை, உண்மையான விசுவாசத்துல மாறினார் என்று பதில் சொல்கிறோம். அந்தப் பதிலை விட்டுவிடுவோம். அரிசிக்கே மாறியிருந்தாலும் என்ன? பட்டினி போட்டவனை விட்டுவிட்டு, பசித்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற நியாயத்துக்கு நாம் ஏன் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்?

மாணவத் தோழர்களே, உங்கள் விடுதியிலும் இந்தப் படங்களைப் போடுவார்கள். பாருங்கள். பெக்கும் பெர்க்மனும் நன்றாகவே நடித்திருக்கிறார்கள். ஹோசன்னாவும் பிலோமினாவும் வரும்போது மட்டும் சிரிக்காதீர்கள். ஊருக்குப் போனால் உங்கள் அப்பாயி, அம்மாயிகளிடம் உட்கார்ந்து, என்ன கணக்குப் போட்டு மாறினீங்க, இல்லை மாறாம இருந்தீங்க என்று கேட்டு எழுதிவையுங்கள். எந்த மிஷன் ரிப்போர்ட்டிலும் அது இருக்காது.