வெட்டியும் தொண்டும்

‘வெட்டி வேலை’ என்று இன்று நாம் சொல்வது பயனற்ற வேலையை. சோழர் காலக் கல்வெட்டுகளில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. ஊரார் கூலியின்றிச் செய்து தீரவேண்டிய உடலுழைப்பே அங்கு ‘வெட்டி’ எனப்படுகிறது. அவ்வுழைப்பால் ஏரியும் வாய்க்காலும் நிலைத்தன, ஊர் உண்டது. ஆயினும் சொல் மட்டும் இழிந்தது. மொழிநூலார் இதனை இழிபொருட்பேறு என்பர். கட்டாயத்தின் கசப்பே அச்சொல்லைக் கீழே தள்ளியிருக்க வேண்டும் என்பது நம் கருத்து. ‘தொண்டு’ என்னும் சொல்லின் வரலாறோ நேர்மாறானது. அடிமைத்தன்மையைக் குறித்த அச்சொல், விரும்பி ஏற்றவர்களின் செயலால் உயர்ந்தது. வேலை ஒன்றே, செய்பவனின் மனநிலை ஒரு சொல்லைத் தாழ்த்தியது, மற்றொன்றை உயர்த்தியது.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் அறிவிப்பு வெளிவரும்போதெல்லாம், “விடுமுறையில் எதற்கு ஐயா இந்த வெட்டி வேலை?” என்று மாணவர் கேட்பது வழக்கமாகிவிட்டது. கேள்வியில் தவறில்லை. 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கிய திட்டம் இது. ஈராண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் இதன் அடிப்படை. சான்றிதழுக்காக மணிக்கணக்கு எழுதும் சடங்காக அது சுருங்கும் இடத்தில், மாணவன் அதனை வெட்டி என்றழைப்பது சொல்லாராய்ச்சிப்படி முற்றிலும் பொருந்தும்! அதனைத் தொண்டாக்குவது எவ்வாறு என்பதே நாம் இங்கு எண்ண விழைவது. எங்கே செய்வது என்பதற்கும் நம்மிடம் விடை உண்டு. தொலைவிலுள்ள சிற்றூர்களைத் தேடவேண்டா. இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் நம் கடற்கரை இருக்கிறது.

விடுமுறையை உழைப்பாக்கிய முன்னோடிகள் பலர். சுவிட்சர்லாந்து நாட்டவரான பியேர் செரசோல் 1920இல், முதல் உலகப் போரில் சிதைந்த வெர்டூன் பகுதியில், பகை நாட்டவரையும் சேர்த்துக்கொண்டு தொண்டர் முகாம் நடத்தினார். 1934இல் பீகாரில் நிலநடுக்கம் நேர்ந்தபின் இந்தியாவுக்கும் வந்து உழைத்தார். நமக்கு இன்னும் நெருங்கிய சான்று இலங்கையில் உண்டு. கொழும்பு நாளந்தாக் கல்லூரியின் ஆசிரியர் அ. த. ஆரியரத்ன 1958இல் தம் மாணவரை விடுமுறையில் கனத்தொலுவ என்னும் ஒதுக்கப்பட்ட மக்களின் ஊருக்கு அழைத்துச் சென்றார். அம்முகாமிலிருந்தே சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்து ஆயிரக்கணக்கான ஊர்களை எட்டியது. அவ்வியக்கத்தார் பெரும்பாலும் செய்தது பாதை அமைத்தல். ஊருக்குள் ஒரு பாதை வந்தால் அதன் வழியே மருத்துவரும் வருவார், ஆசிரியரும் வருவார் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இதனைத் தொடங்கியவர் ஓர் ஆசிரியர் என்பதை நம் துறையார் மறவாதிருத்தல் நலம்.

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாக அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியுள்ளார்கள். அதனைத் தெருவில் கிடக்கும் முள்ளோடும் கல்லோடும் நிறுத்திக்கொள்கிறோம். ஒரு சமுதாயம் தன் கடலுக்குச் செல்லும் வழியை இழந்து நிற்குமானால் அதுவும் பாதையில் கிடக்கும் இடையூறு அல்லவா?

வடசென்னைக் கரை நடந்தவர்களின் கரை. தொண்டியிலிருந்து வந்தமையால் ‘தொண்டியார்’ என மக்கள் அழைத்த குணங்குடி மஸ்தான் சாகிபு இப்பகுதியிலே தங்கி, இங்கேயே அடங்கினார். அவர் பெயராலேயே தண்டையார்பேட்டை வழங்குகிறது என்பர். பட்டினத்தாரின் அடக்கத்தலம் திருவொற்றியூர்க் கடலோரத்தில் உள்ளது. ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூருக்கு நடந்து நடந்தே வழிபட்டவர் வள்ளலார். மூவர் பாடல்களையும் வகுப்பில் நடத்துகிறோம். அவர்கள் நடந்த வழியை நம் மாணவர் பேருந்தின் சன்னல் வழியாகக்கூடக் கடலோடு சேர்த்துக் காண்பதில்லை. இடையிலே சரக்குப் பெட்டக லாரிகளின் நீண்ட வரிசை. அதற்கப்பால் கருங்கற் குவியல்.

அக்கருங்கல் ஏன் வந்தது? நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்கள் எழுந்தபோது அம்மணலோட்டம் தடைப்பட்டது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்து மெரினாவை அகலமாக்கிற்று; வரவேண்டிய மணல் வாராமையால் இராயபுரம் தொடங்கி வடக்கே கரை அரிக்கப்பட்டது. தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் சென்றன. எஞ்சியவற்றைக் காக்கக் கல் கொட்டினார்கள். தெற்கே அகன்ற மணற்பரப்பில் மக்கள் காற்று வாங்குகிறார்கள். வடக்கே மீனவர் கற்களின்மேல் ஏறி இறங்கித் தம் கடலை அடைகிறார்கள். ஒரே துறைமுகத்தின் இரு விளைவுகள் இவை.

தென்சென்னையில் அடையாற்றுக் கழிமுகத்தையொட்டி, கட்டட இடிபாடுகள் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் நிலம் மீட்கப்பட்டு, நடைபாதைகளோடு 2011 சனவரியில் திறக்கப்பட்டது. அதற்குத் தொல்காப்பியப் பூங்கா என்று பெயர். தமிழ்த்துறையினர் மகிழத்தக்க பெயர்தான். ஆனால் நெய்தல் திணையை அங்கே மட்டும் காட்டினால் போதுமா? சங்கப் பாடல்கள் பேசும் கண்டல் எண்ணூர்க் கழியில் இன்றும் நிற்கிறது. வெண்கண்டல் என்று அதனை அழைப்பர். அலையாத்தி மரங்களில் ஒருவகை. அடும்பு என்று நாம் உரை சொல்வது மணலில் படரும் அடப்பங்கொடியே. தாழங்குப்பம் என்ற ஊர்ப்பெயரைக் கேட்ட அளவிலே தாழை நினைவுக்கு வருகிறது. நெய்தற் பாடலுக்கு ஐம்பது பக்கம் குறிப்பெழுதும் மாணவன் கண்டல் இலையின் அடியில் படிந்திருக்கும் உப்பைத் தொட்டுப் பார்த்ததில்லை என்றால், அது பாடத்திட்டத்தின் குறை மட்டும் அன்று.

இக்கரையில் தொண்டர்கள் இறங்கிய நாள்களும் உண்டு. 2017 சனவரி 28 விடியலில் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் தார்க்குழம்பாக ஒதுங்கிற்று. கடலோரக் காவற்படையினரும் மீனவரும் மாணவரும் வாளி வாளியாக அதனை அள்ளினர். நாடு முழுவதும் அக்காட்சியைக் கண்டு வியந்தது. நாமும் பெருமிதம் கொண்டோம். ஆனால் பெருமிதத்தோடு நிறுத்திக்கொள்ளல் ஆகாது. போதிய கையுறையும் முகக்கவசமும் இன்றிப் பலர் அவ்வெண்ணெயைத் தொட்டனர். 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசத்தலையாற்றின் கழிமுகத்தை நிறைத்தது. படகுகள் கறுத்தன, வலைகள் வீணாயின, கண்டல் மரங்களின் மூச்சுவேர்கள்மீது எண்ணெய் அப்பிக்கொண்டது. அப்போதும் முதலில் வாளியெடுத்தவர்கள் கேடுற்ற மீனவர்களே.

இவ்விடத்தில் நம் கருத்தை ஒளிவின்றிக் கூறுகிறோம். நச்சு எண்ணெயை அள்ளுவது மாணவர் தொண்டு அன்று. அது எவரிடமிருந்து வந்ததோ அவருடைய கடன்; தக்க கருவியோடும் பயிற்சியோடும் கூலியோடும் செய்யவேண்டிய வேலை. இலவசமாக உழைக்க இளைஞர் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் கேடு செய்தவர் தம் கடனைக் குறைத்துக்கொள்வாரேல், தொண்டு மீண்டும் வெட்டியாகிவிடும்.

அவ்வாறாயின் மாணவர் செய்யத்தக்கது யாது? ஓரிடத்தைத் தேர்ந்து, அதனிடமே ஆண்டுதோறும் திரும்பி வருதல். பதாகை பிடித்து ஒருநாள் குப்பை பொறுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போகும் விழாக்களை நாம் நிறையக் கண்டுவிட்டோம். மரக்கன்று விழாக்களும் அப்படியே. எந்த மரம், எந்த மண் என்று பாராமல் ஆமை முட்டையிடும் மணல்மேட்டில் சவுக்கை நடுவோரும் உளர். பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டை மீட்டவர்கள் முதலில் மரம் நடவில்லை. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடல்நீர் ஏறி இறங்க வழிசெய்தார்கள், அதன்பின்பே கன்று. அவ்வாய்க்கால் சேற்றால் தூர்ந்துபோகும். மீண்டும் மீண்டும் வாரவேண்டும். நம் முன்னோர் குடிமராமத்து என்று இதைத்தான் செய்தனர். சேறு வாருதல், கழியோர ஒற்றையடிப் பாதையை முள்ளும் அறுந்த வலையும் நீக்கிச் சீர்செய்தல், அப்பாதையில் நடந்து எத்தனை கன்று பிழைத்தது, நீர் எந்நிறத்தில் உள்ளது என்று ஏட்டில் குறித்தல். இவை ஏழு நாளில் மாணவரால் இயலும். பத்தாண்டு ஏடு சேர்ந்தால், அடுத்த கேடு நேரும்போது “முன்பு இங்கு என்ன இருந்தது?” என்னும் கேள்விக்கு விடை கூற நம் கல்லூரியில் ஒரு சான்று இருக்கும். இதன் மதிப்பைச் சட்டம் பயின்றோர் நன்கு அறிவர்.

விடாமுயற்சிக்குச் சென்னை மாணவரிடமே முன்மாதிரி உண்டு. கடலாமைப் பாதுகாப்புக்காக 1988இல் தொடங்கிய மாணவர் அமைப்பு, நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரையிலான கரையில் ஆண்டுதோறும் முட்டையிடும் பருவத்தில் இரவில் நடந்துவருகிறது. மாணவர் படித்து முடித்துச் செல்கிறார்கள், புதியவர் வருகிறார்கள், கரை மாறவில்லை, நடையும் நிற்கவில்லை.

நம் சமுதாயப் பெரியோர் சிலருக்குத் தயக்கம் இருப்பதை அறிவோம். வயிற்றைக் கட்டிக் கட்டணம் செலுத்திப் பிள்ளையைப் படிக்க அனுப்பினால், அவன் சேறு அள்ளுவதா என்கிறார்கள். அத்தயக்கத்தை நாம் எளிதாகக் கருதவில்லை. உடலுழைப்பிலிருந்து மீளவே பல குடும்பங்கள் கல்வியை நாடின. ஆனால் அவர்களே நன்கறிந்த பர்ளு கிஃபாயா என்னும் கடமை வகையை நினைவூட்ட விரும்புகிறோம். சிலர் செய்தால் ஊரார் அனைவர்மீதிருந்தும் நீங்கும். எவரும் செய்யாவிட்டால் அனைவரும் பொறுப்பாவர். மார்க்கத் தீர்ப்பாக அன்று, ஒப்புமையாகவே இதைக் கூறுகிறோம். மேலும், இக்கழியில் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் மக்களும், நீரின் போக்கை நிறத்தால் உணரும் மீனவரும் முகாமில் பார்வையாளராக அன்றி ஆசிரியராக அமர வேண்டும். பேராசிரியர்களாகிய நாமும் அவ்வேழு நாளும் மாணவராய் உட்கார்ந்தால் சிறப்பு. மண்வெட்டி பிடிப்பதில் நம்மைத் திருத்த அவர்களுக்கு நிறைய இருக்கும்.

காலம் பற்றிய ஒரு குறிப்பு. ஐப்பசி, கார்த்திகையில் கழியில் வெள்ளம். கோடையில் தேர்வும் வெயிலும். இவ்வாண்டுகளில் ரமலான் மாதம் பிப்ரவரி, மார்ச்சையொட்டி வருவதால் அப்போதும் முகாம் வைப்பதற்கில்லை. ஆகவே பொங்கல் விடுமுறையையொட்டிய ஏழு நாளே தக்கது. அதற்கு முன் வனத்துறையின் இசைவும் குப்பத்துப் பெரியவர்களின் ஒப்புதலும் பெறவேண்டும். பின்னதை முதலில் பெறுதல் முறை. மாணவியர் தங்குவதற்கும் தொழுகைக்கும் ஏற்ற இடம் வேண்டும். தடுப்பூசியும் முழங்கால் காலணியும் கல்லூரிச் செலவில் அமையவேண்டும். இவற்றுக்கான தொகையை ஆண்டு விழாச் செலவிலிருந்து சிறிது குறைத்து ஒதுக்க முடியுமா என்று ஆட்சிக் குழுவினர் இக்கல்வியாண்டுக்குள் கூறுவார்களாயின், முதல் முகாமுக்கான பெயர்ப்பட்டியலைத் தமிழ்த்துறை ஆயத்தம் செய்யும்.