பெயர் ஒன்று, நிலையம் இரண்டு

சாலாக் செலாத்தானில் எல்ஆர்டி நிலையம் ஒன்று, கேடிஎம் கொமுட்டர் நிலையம் ஒன்று. இரண்டுக்கும் ஒரே பெயர், இடம் வேறு. ஒருவர் அங்கும் மற்றவர் இங்கும் நின்றால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சந்திக்க முடியாது.

பைத்தான் கற்கும் உங்கள் பிள்ளைக்கும் இதே கதைதான். 'நம்பை' தொகுப்பை நிறுவுகிறார். நிறுவியாயிற்று என்கிறது கணினி. நிரலை ஓட்டினால் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்ற பிழை. மறுபடி நிறுவினாலும் பலனில்லை. கணினியில் 3.9, 3.12 என இரண்டு பைத்தான்கள் இருக்கலாம். ஒன்றுக்காக 'பிப்' நிறுவியதை மற்றது பார்க்காது.

முதலில், ஓடுவது எந்தப் பைத்தான் என்று பாருங்கள். 'சிஸ்' மாட்யூலில் உள்ள 'எக்ஸிகியூட்டபிள்' அதன் முகவரியைச் சொல்லும். பிறகு அதே பைத்தானை முன்னால் இட்டு, '-எம் பிப்' என்று தொடர்ந்து நிறுவுங்கள். ஒவ்வொரு செயல்திட்டத்துக்கும் தனிச் சூழல் அமைக்கும் 'வென்வ்' கருவி, 2012இல் வந்த 3.3 பதிப்பு முதலே பைத்தானுடன் சேர்ந்து வருகிறது.

இதை முதல் பாடத்திலேயே சொல்லித்தர வேண்டும் என்பேன். இல்லையேல் "எனக்குக் கணினி வராது" என்று பிள்ளை ஒதுங்கிவிடும். பத்து நிமிடத்தில் விளக்கக்கூடிய சிக்கலுக்காக ஒரு பிள்ளையின் ஆர்வத்தை இழக்கலாமா?