யார் சொன்னது, அநாதைக்குப் பூர்வீகம் இல்லையென்று?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? வரிசையாக ஆன்டிக் கடைகள். பர்மா தேக்குத் தூண், பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு எல்லாவற்றுக்கும் நடுவே சட்டம் போட்ட தாத்தாக்களும் விலைக்குக் கிடப்பார்கள். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் அங்கவஸ்திரம், பின்னால் ஸ்டூடியோ திரை. இவர் யார் என்று கேட்டால் கடைக்காரர் விலையைச் சொல்வார்.

வம்சப் பெருமையை ஓயாமல் பேசுகிற ஊரும் இதுதான். ‘எந்த ஊரு, எந்தக் கோயில்?’ என்ற கேள்வி இல்லாமல் இங்கே எந்தப் பந்தியும் முடியாது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பது ஊர்க் கோயில்களில் ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், யார் பங்காளி, யாருக்குப் பெண் கொடுக்கலாம் என்பதெல்லாம் கணக்காக வந்துவிடும். கல்யாணம் ஆனதும் கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம், கூடும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை.

அப்படிப்பட்ட ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், பத்திரிகைச் செய்தி ஒன்று பேச்சுக்கு வந்தது. குழந்தையாக இருக்கும்போது ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட பெண், நாற்பது வயதில் தாயைத் தேடித் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறாள். எனக்கு மிகவும் வேண்டிய ஆச்சி ஒருவர் சொன்னார்: “நல்லா வளத்து ஆளாக்கி விட்ருக்காக. இனிமே என்னத்தத் தேடுறா? ஆசிரமத்துப் பிள்ளைக்கு ஏது பூர்வீகம்?” சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். கல்யாண வீடு என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

ஆச்சி மட்டும் சொல்வதல்ல இது. நாடு முழுக்க நிலவும் நம்பிக்கை. அதில் இரண்டு பொய்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இல்லத்தில் வளர்ந்தால் சொந்தம் என்று எவரும் இருக்க முடியாது என்பது ஒன்று. சோறு போட்டு வளர்த்த பிறகு பெற்றவளைத் தேடுவது நன்றிகெட்ட செயல் என்பது இன்னொன்று.

முதல் பொய்யைச் சட்டமே ஏற்கவில்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அநாதை, கைவிடப்பட்ட குழந்தை, ஒப்படைக்கப்பட்ட குழந்தை என்று மூன்று வகையாகப் பிரிக்கிறது. ஒப்படைக்கப்பட்ட குழந்தை என்றால், பெற்றவர் குழந்தைகள் நலக் குழு முன்னால் வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த குழந்தை. மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள 60 நாள் அவகாசமும் உண்டு. கையெழுத்துப் போட்டவள் இல்லாமலா போய்விட்டாள்? தத்துக்குப் போகாமல் இல்லங்களில் வளரும் பிள்ளைகளைப் பாருங்கள். புருஷனை இழந்து சித்தாள் வேலைக்குப் போகிறவள், மூன்று வேளைச் சோறும் பள்ளிக்கூடமும் கிடைக்கட்டும் என்று கொண்டுவந்து விட்ட பிள்ளைகள் அவர்களில் நிறையப் பேர். வாசலில் ‘அநாதை இல்லம்’ என்று பலகை. பொங்கலுக்கு அம்மா வந்து கூட்டிப் போகிறாள்.

1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் வந்த குழந்தைகள் கதை வேறு. தொட்டிலில் போட்டுவிட்டு இருட்டில் நடந்தவளின் பெயர் எந்த ஏட்டிலும் இருக்காது. ஆனால் அந்தக் குழந்தைக்கும் ஒரு தேதி உண்டு, ஓர் ஊர் உண்டு. அதுகூட அதற்குச் சொந்தமில்லை என்று சொல்ல நாம் யார்?

இரண்டாவது பொய்யைப் பிள்ளை கூட்டிக்கொள்கிற வழக்கமுள்ள செட்டிநாட்டில் சொல்வதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. சிறுகூடல்பட்டியில் 1927-ல் சாத்தப்பனுக்கும் விசாலாட்சிக்கும் பிறந்த முத்தையாவை 7,000 ரூபாய்க்குச் சுவீகாரம் கொடுத்தார்கள். கூட்டிக்கொண்ட சிகப்பி ஆச்சி வீட்டில் அவர் நாராயணன் ஆனார். பிறகு கண்ணதாசன் ஆனார். அவருடைய வரலாற்றில் பெற்றவர்கள் பெயரும் இருக்கிறது, வளர்த்தவர்கள் பெயரும் இருக்கிறது. அதனால் சிகப்பி ஆச்சிக்கு என்ன குறைந்துபோனது? நம் வீட்டுப் பிள்ளை பெற்றவளை அறிந்திருந்தால் அது முறை. இல்லத்துப் பிள்ளை அதையே கேட்டால் நன்றிகேடா?

1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம் இந்தப் பொய்யை இன்னும் நன்றாகக் கேலி செய்கிறது. தத்துப் போனதும் பிறந்த வீட்டு உறவு அற்றுப்போகும் என்று சொல்லிவிட்டு, பிறந்த வீட்டில் இருந்திருந்தால் யாரைக் கட்டக்கூடாதோ அவரை இப்போதும் கட்டக்கூடாது என்கிறது. பிறந்த வீடு எதுவென்றே தெரியாதவன் இந்தச் சட்டத்தை எப்படிக் கடைப்பிடிப்பான்?

நாம் கணக்குப் பிள்ளைகளின் பரம்பரை. வம்சம் ரத்தத்தில் ஓடுகிறது என்று மேடையில் பேசுவோம். உண்மையில் அது ஏட்டில் இருக்கிறது. கோயில் கணக்கில் புள்ளி இருப்பதால்தான் நமக்கு ஏழு தலைமுறை தெரிகிறது. இல்லத்துப் பிள்ளைக்கும் ஏடு உண்டு, சேர்க்கைப் பதிவேடு. கத்தோலிக்கக் கன்னியர் மடமானால் ஞானஸ்நானப் பதிவேடும் உண்டு. அதில் ஞானப்பெற்றோர் பெயர் இருக்கும். பிறகு எந்த ஊர்க் கோயிலில் கல்யாணம் ஆனாலும், ஞானஸ்நானம் கொடுத்த பங்குக்கு எழுதி அனுப்பி ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது 1908 முதல் நடைமுறை. வட்டிக்கடைப் பேரேடு தோற்றுப்போகும் ஒழுங்கு! ஒரே வித்தியாசம், நம் ஏட்டைப் பார்க்க நமக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அவர்கள் ஏடு இன்னொருவர் அலமாரியில், இன்னொருவர் சாவியில் இருக்கிறது.

ஏடு இருந்தும் பாதியை எழுதாமல் விடுவது பழைய பழக்கம். சென்னையில் 1787-ல் பெண் பிள்ளைகளுக்கும், 1789-ல் ஆண் பிள்ளைகளுக்கும் அநாதை விடுதிகள் வந்தன. 1842-ல் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் கன்னியர் கடல் கடந்து வந்து கறுப்பர் நகரத்தில் மடம் அமைத்தார்கள். கம்பெனிப் பட்டாளத்தில் அயர்லாந்துக்காரர்கள் ஏராளம். அவர்களுக்கும் இந்த மண்ணின் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் இப்படிப்பட்ட இடங்களில் வளர்ந்தார்கள். அந்த வம்சத்தில் வந்த ஆங்கிலோ-இந்தியர்கள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஞானஸ்நான ஏடுகளைப் புரட்டுகிறார்கள். அயர்லாந்துத் தாத்தாவின் பெயர் கிடைக்கிறது, பட்டாளமும் பதவியும் கிடைக்கின்றன. பாட்டி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பல நேரம் ‘சுதேசிப் பெண்’ என்ற குறிப்பு மட்டும் இருக்கும். தொலைந்துபோனவள் நம் ஊர்க்காரி. அவளைத் தொலைத்தது விதியல்ல, பெயரைக் கேட்டு எழுத மனமில்லாத ஒரு பேனா.

‘ஏடெல்லாம் போச்சு’ என்ற சாக்கு எல்லா நாட்டிலும் உண்டு. இங்கே கரையான், வெள்ளம். அயர்லாந்தில் தீ. 1922 ஜூன் 30-ல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகம் உள்நாட்டுப் போரில் வெடித்து, ஆவணக் காப்பகம் சாம்பலானது உண்மைதான். ஆனால் கத்தோலிக்கப் பங்கு ஏடுகளும் மடங்களின் சேர்க்கை ஏடுகளும் அந்தக் கட்டடத்தில் இருக்கவே இல்லை. 1901, 1911 குடிக்கணக்குகள் பிழைத்திருக்கின்றன, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

ஏட்டைப் பூட்டி வைத்ததால் நேர்ந்த கொடுமைக்கு ஒரு கதை போதும். பிலோமினா லீ என்ற பெண், கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றதற்காக அயர்லாந்தின் ராஸ்க்ரே மடத்தில் இருந்தவர். 1955-ல் மூன்று வயது மகனை அமெரிக்காவுக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். பிற்பாடு மகன் அந்த மடத்துக்கே வந்து தாயைப் பற்றிக் கேட்டான். தாயும் அங்கேயே போய் மகனைப் பற்றிக் கேட்டார். இருவரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். 1995-ல் இறந்த மகன், தன் விருப்பப்படி அந்த மடத்து மண்ணிலேயே புதைக்கப்பட்டான். தாய் கடைசியில் கண்டது கல்லறையைத்தான். இப்படிப்பட்ட 18 நிறுவனங்களை ஆராய்ந்த அயர்லாந்து விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2021-ல் வெளியானது. அவற்றில் சுமார் 9,000 குழந்தைகள் இறந்திருந்தார்கள். 2022-ல் புதுச் சட்டம் வந்தது. பதினாறு வயது நிரம்பியவருக்குத் தன் பிறப்புச் சான்றிதழை மறைப்பில்லாமல் பார்க்கும் உரிமை அதில் உண்டு.

இங்கே ஆச்சி ஒரு நியாயமான கேள்வி கேட்பார். “அந்தத் தாயி இப்ப எங்கேயாச்சும் குடும்பம் நடத்திக்கிட்டு இருப்பா. வாசல்ல போயி இவ நின்னா அவ கதி என்ன ஆகும்?” இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில், புருஷனுக்குத் தெரியாமல் முப்பது வருஷம் ஒரு ரகசியத்தைச் சுமந்தவளின் பயம் சின்ன விஷயமல்ல. ஆனால் பெயரை அறிவது வேறு, வாசலில் போய் நிற்பது வேறு. அயர்லாந்துச் சட்டம் இரண்டையும் பிரித்தது. தொடர்பு வேண்டாம் என்று தாய் பதிவு செய்யலாம். பிள்ளைக்கு அதை எடுத்துச் சொல்லிவிட்டுத் தகவலைக் கொடுக்கிறார்கள். நம் தத்தெடுப்பு விதிகளும் வேர் தேட வழி விடுகின்றன. ஆனால் அடையாளம் வேண்டாம் என்று தாய் எழுதிக் கொடுத்திருந்தால் அவள் சம்மதம் இல்லாமல் நகர முடியாது. பிள்ளைக்காக வேறொருவர் போய்த் தேடவும் அனுமதி இல்லை. தமிழ் தெரியாமல் டென்மார்க்கில் வளர்ந்தவள், சிவகங்கை பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்றால், இது வழியா, முட்டுச்சந்தா?

வளர்த்தவர்களின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. அயர்லாந்தின் மில்லைல் ஊரில் 1867-ல் பிறந்த ஏமி கார்மைக்கேல் நெல்லைச் சீமையில் டோனாவூருக்கு வந்து, 1951-ல் இறக்கும்வரை எத்தனையோ பெண் குழந்தைகளுக்கு அம்மாவாக இருந்தார். அவருடைய தகப்பனார் குடும்பம் மாவு மில் நடத்தியதுவரை நமக்குத் தெரியும், புத்தகங்களில் இருக்கிறது. அவர் மடியில் வளர்ந்த குழந்தைகளில் எத்தனை பேரைப் பெற்றவளின் பெயர் நமக்குத் தெரியும்? அம்மாவுக்கு வம்சம் உண்டு, பிள்ளைகளுக்கு மட்டும் கிடையாது என்பது என்ன நியாயம், ஆச்சி?

இல்லங்களிலும் மடங்களிலும் சாவி வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பழைய ஏடுகளை இந்த வாரம் ஒருமுறை வெளியே எடுங்கள். கரையான் இருந்தால் மருந்தடியுங்கள். பக்கம் விடாமல் நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். கேட்டு வருகிற பிள்ளையை வாசலிலேயே நிறுத்தாமல், உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.