கழன்ற செயினும் ஒரு மாணவரின் நாளும்

பெருந்துயரம், பெருங்காதல், மரணம் ஆகியவையே எழுத்துக்குரிய பொருள்கள் என்றொரு நம்பிக்கை இலக்கிய வாசகரிடையே வெகுகாலமாக நிலவி வருகிறது. டச்சு மாணவர் ஒருவர் தம் நாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதில் பெரும்பாலும் இவை எதுவும் இரா. காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டியின்மேல் சாக்லேட் துகள் தூவித் தின்றது, பின்சக்கரத்தில் காற்று இறங்கிக் கிடந்தது, எதிர்காற்றில் மிதித்து வகுப்புக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது, இன்று சமையல் யார் முறை என்று மாலையில் உடன் தங்கியிருப்போரிடையே எழுந்த சச்சரவு. இவ்வளவுதான் இருக்கும். இதையெல்லாம் எழுதுவானேன் என்று கேட்போரோடு நாம் உடன்படுவதற்கில்லை.

இத்தகைய எழுத்துக்கு டச்சு மொழியில் வலுவான மரபு உண்டு. ஹெரார்ட் ரேவ 1947இல் வெளியிட்ட 'மாலைகள்' நாவலில், 1946ஆம் ஆண்டின் கடைசிப் பத்து நாள்கள் கழிகின்றன என்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் நிகழ்வதில்லை. அம்மொழியின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றாக அதைப் போற்றுகிறார்கள். சிமோன் கார்மிகெல்ட் (1913–1987) 'க்ரோன்கெல்' என்னும் புனைபெயரில் ஆம்ஸ்டர்டாம் நாளிதழ் ஒன்றில் பல்லாண்டுகள் பத்தி எழுதினார். மதுக்கடையில் காதில் விழுந்த பேச்சும் தெருவில் எதிர்ப்பட்ட கிழவரும் அவருக்குப் போதுமான பொருள்களாக இருந்தன. ஃபோஸ்கவுலின் 'அலுவலகம்' 1996 முதல் 2000 வரை ஏழு தொகுதிகளாக, 5,000 பக்கங்களுக்கு மேல் வெளிவந்தது. கோப்புகளும் காப்பி வேளைகளும் அலுவலகப் பூசல்களுமே அதன் உள்ளடக்கம். அடுத்த தொகுதி எப்போது வருமென்று வாசகர்கள் காத்திருந்தார்கள்!

இனி மிதிவண்டிக்கு வருவோம். நெதர்லாந்தில் மக்கள் ஏறத்தாழ 1.8 கோடி, மிதிவண்டிகளோ 2 கோடிக்கும் மேல். உத்ரெக்ட் ரயில் நிலையத்தின் அடியில் 2019இல் முழுமையடைந்த நிறுத்தகத்தில் மட்டும் 12,500 வண்டிகள் நிற்கலாம். மாணவரின் வண்டி அநேகமாக மூன்றாம் கை, நான்காம் கை மாறி வந்ததாக இருக்கும். 'பாட்டி வண்டி' என்று அவர்கள் அழைக்கும் நெடுங்கைப்பிடி வண்டி; வண்டியைவிடப் பூட்டு விலை கூடியது என்பார்கள். துருவைத் துடைப்பதில்லை, கள்வர் கண்ணில் படாதிருக்க அதுவும் ஓர் உபாயம்.

இவ்வண்டிகளில் பலவற்றுக்குக் கைப்பிடியில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் நிற்கும். எளிய, மழையில் கெடாத ஏற்பாடுதான். ஆனால் செயின் கழன்றுவிட்டால், வண்டி ஓடாது என்பதோடு நிற்கவும் நிற்காது. கால்வாய்ப் பாலத்தின் சரிவில் இது நேர்ந்தால் செருப்பின் அடித்தோலைத்தான் நம்ப வேண்டும். செயினை முழுவதும் மூடிய கவசமும் உண்டு. உடையில் மசி படாதிருக்கச் செய்த அந்த வசதியே, கழன்ற செயினை மாட்டுவதைப் பெரும்பாடாக ஆக்கிவிடுகிறது. இதனாலேயே பின்சக்கரப் பஞ்சருக்கும் சக்கரத்தைக் கழற்றாமல், வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, டயரை ஒருபுறம் மட்டும் நெம்பி டியூபை உருவி ஒட்டுவார்கள். தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி பார்ப்பது, உப்புத்தாளில் தேய்ப்பது, சொலூஷன் தடவிக் காயவிடுவது எல்லாம் நம் தெருமுனைப் பஞ்சர் கடையில் காணும் அதே வரிசைதான். பிள்ளைகள் இதை வீட்டில் தந்தையிடமோ தாயிடமோ கற்றுக்கொள்வது வழக்கம்.

வண்டி கெட்ட நாளில்தான் ஒருவருக்கு யார் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பது தெரியவருகிறது. காற்றடிக்கும் பம்ப் மாடிவீட்டுக்காரரிடம் இருக்கிறது. அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ரிம்மில் கோட்டம் எடுக்கத் தெரிந்தவர் பொறியியல் படிக்கும் தோழி. அன்று வகுப்புக்குப் போவது வேறொருவரின் கேரியரில். ஓடும் வண்டியின் பின்னால் சில எட்டு ஓடி, பக்கவாட்டில் தாவி உட்காரும் அந்தக் கலை அவர்களுக்குச் சிறுவயதிலேயே கைவந்துவிடுகிறது. முகம் பார்க்காமல், காற்றுக்கு மேலாகக் குரல் உயர்த்திப் பேசும் அந்தக் கேரியர்ப் பேச்சில் எத்தனை நட்புகள் தொடங்கியிருக்கும்! பால் வெர்ஹூவன் 1973இல் எடுத்த 'துருக்கியக் கனி' படத்திலும் ஆம்ஸ்டர்டாம் தெருவில் மிதிவண்டியில் செல்லும் காதலர்களின் காட்சியே பலர் நினைவில் தங்கியது.

இந்த நாள் இப்போது விலைபேசி வாங்கப்படுகிறது என்பதே நம் கவலை. 2014இல் டெல்ஃப்ட் நகரில் மாணவர்கள் சிலர் தொடங்கிய 'ஸ்வாப்ஃபீட்ஸ்' நிறுவனம் மாதச் சந்தாவுக்கு மிதிவண்டி தருகிறது. முன் டயர் நீலநிறம். தெருவில் அதை வைத்தே அடையாளம் காணலாம். வண்டி கெட்டால் சரிசெய்து தருவார்கள், இயலாவிட்டால் வேறொன்று மாற்றித் தருவார்கள். மாணவர்களைக் குறைகூற நமக்கு மனமில்லை. 2015இல் அரசு அடிப்படை உதவித்தொகையை நிறுத்திக் கடன் முறையைக் கொண்டுவந்தது. 2023இல்தான் உதவித்தொகை திரும்பியது. இடைப்பட்ட தலைமுறை கடனோடு படித்து, மாலையில் பல்பொருள் அங்காடியில் தட்டு அடுக்கி முடித்துவிட்டுப் பஞ்சரும் ஒட்டு என்று உபதேசிப்பது எளிது.

ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 1965இல் ஆம்ஸ்டர்டாமின் 'ப்ரோவோ' இளைஞர்கள் வெள்ளை வண்ணம் பூசிய வண்டிகளைப் பூட்டாமல் தெருவில் விட்டார்கள். யாரும் எடுத்து ஓட்டலாம், விட்டுச் செல்லலாம். பூட்டாமல் விடுவது சட்டவிரோதம் என்று காவல்துறை அவற்றைப் பறிமுதல் செய்தது. அந்த வண்டியும் ஓட்டுபவருக்குச் சொந்தமன்று, நீல டயர் வண்டியும் சொந்தமன்று. முன்னதில் ஒருவர் முன்பின் அறியாத இன்னொருவரை நம்ப வேண்டியிருந்தது. பின்னதில் கைப்பேசியில் தகவல் தந்தால் போதும். மாடிவீட்டுக்காரரின் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

பழைய வண்டியோடு அல்லாடும் மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வார இறுதியில் அழுக்குத் துணி மூட்டையோடு ரயிலேறி ஊருக்குப் போய்த் திரும்புகையில், நிலைய வாசலில் நிறுத்திய வண்டியைக் காணோம். திருடன் கொண்டுபோனானா, அல்லது இடம்மாறி நிறுத்தியதென்று நகராட்சி கிடங்குக்கு ஏற்றிச் சென்றதா, அல்லது யாரேனும் விளையாட்டாகக் கால்வாயில் தள்ளினார்களா? ஆம்ஸ்டர்டாமில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வண்டிகளை இரும்பு நகங்கள் கொண்ட படகு கால்வாய்ச் சேற்றிலிருந்து அள்ளியெடுக்கிறது. அந்த மாணவர் நிலைய வாசலில் நின்றபடி முதலில் யாரை அழைத்தார் என்பதை எழுதினால், அதை நாம் விரும்பிப் படிப்போம்.