சூடான கலரை யார் குடிப்பார்கள்?

எங்கள் ஊரில் யாரும் 'கூல்டிரிங்ஸ்' என்று சொன்னதில்லை. 'கலர்' என்றுதான் சொல்வோம். விருந்தாளி திண்ணையில் உட்கார்ந்ததுமே, "ஓடு, அண்ணாச்சி கடையில ரெண்டு கலர் வாங்கிட்டு வா" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும். அந்த அண்ணாச்சி என் அப்பா. ஓப்பனர் சணல் கயிற்றில் தொங்கும். ஐஸ் கட்டி போட்ட தகரப் பெட்டிக்குள் கையை விட்டு, ஈரம் சொட்டும் பொவண்டோவை எடுத்துத் தருவார். காசை மறுநாள் கொடுத்தாலும் சரி, காலி பாட்டில் அன்றைக்கே திரும்பி வந்தாக வேண்டும்.

பொவண்டோவைத் தயாரிக்கும் காளிமார்க், 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய நிறுவனம். திராட்சை வாசமும் கருஞ்சிவப்பு நிறமும் கொண்ட பொவண்டோ 1950களின் கடைசியில் வந்தது. தென்மாவட்டக் கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து கை கழுவியவர்களுக்கு நீட்டப்பட்டது பெரும்பாலும் அதுதான்.

1977இல் கோகோ கோலா நாட்டைவிட்டு வெளியேறிய பிறகு, உள்நாட்டு பானங்களுக்கு நல்ல காலம் பிறந்தது. வடக்கே கேம்பா கோலா வளர்ந்தது. தம்ஸ் அப் நாடெங்கும் பரவியது. 1990இல் பெப்சி வந்தது. 1993இல் திரும்பி வந்த கோகோ கோலா, தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் எல்லாவற்றையும் பார்லேயிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோல்டு ஸ்பாட் காணாமலே போனது. காளிமார்க் விற்காமல் நின்றது. ஆனால் நகரத்துக் கடைகளில் பொவண்டோவைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

சுவையில் அது தோற்கவில்லை. எங்கள் கடையிலேயே நான் பார்த்த கதை இது. பெரிய கம்பெனி ஒன்றின் ஆள் வந்து, கண்ணாடிக் கதவு வைத்த ஃபிரிட்ஜை இலவசமாக இறக்கினார். ஒரே நிபந்தனைதான்: உள்ளே அவர்கள் சரக்கு மட்டுமே இருக்க வேண்டும். அப்பா வியாபாரி, ஒத்துக்கொண்டார். தகரப் பெட்டி கொல்லைப்புறத்துக்குப் போனது, பொவண்டோ தரைக்கு வந்தது. சித்திரை வெயிலில் சூடான கலரை யார் குடிப்பார்கள்? ஒரே வருடத்தில் அதைக் கேட்பாரே இல்லை.

பிறகு 2017 வந்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு தணியும் முன்பே, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அது அமலுக்கு வந்த மறுநாளே, தாமிரபரணித் தண்ணீரைக் குளிர்பான ஆலைகளுக்குத் தருவதை எதிர்த்த வழக்கை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி செய்ய, கோபம் இன்னும் ஏறியது. பொவண்டோ கேட்டுப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். நிபந்தனையை மீறி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஆறு பாட்டிலை அப்பா படுக்க வைத்தார். அந்தக் கோடை முழுக்க எங்கள் கடையில் இருப்பு நிற்கவே இல்லை. அடுத்த கோடையில் அதே பையன்கள், கண்ணுக்கு நேராக இருந்த தட்டைக் காட்டித்தான் கேட்டார்கள்.

கேம்பாவையும் பாருங்கள். ஏறக்குறைய மறைந்தேபோன அந்தப் பெயரை 2022இல் ரிலையன்ஸ் வாங்கி, அடுத்த ஆண்டே பத்து ரூபாய் பாட்டிலாக இறக்கியது. கேம்பாவை ஒருநாளும் ருசித்திராத பிள்ளைகள்கூட இன்று வாங்குகிறார்கள். பழைய நினைவு விளம்பரத்துக்கு உதவும். சரக்கைக் கடைவரை கொண்டு சேர்ப்பது லாரியும் கைப்பணமும்தான்.

அதனால்தான் சொல்கிறேன், கோபத்தை நம்பி ஒரு பானம் பிழைக்காது. அன்று புறக்கணிப்பை அறிவித்த வணிகர் சங்கங்கள், உறுப்பினர்களின் கடைகளுக்குத் தவணையில் சொந்த ஃபிரிட்ஜ் கிடைக்க வழி செய்திருந்தால் அது பத்து அறிவிப்புகளுக்குச் சமம். அரசுக்கும் பொறுப்பு உண்டு. தெருமுனை சோடா கம்பெனி ஊற்றும் கலருக்கும் பன்னாட்டு நிறுவனத்தின் பானத்துக்கும் ஒரே 40 சதவீத வரி என்பது எந்த ஊர் நியாயம்?

பொவண்டோவும் சர்க்கரைத் தண்ணீர்தான். தினமும் குடிக்கச் சொல்லவில்லை. குடிக்கிற அன்றைக்கு, "ஜில்லுனு பொவண்டோ இருக்கா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறெதையும் வாங்காமல் திரும்புங்கள். நாலு பேர் அப்படித் திரும்பினால், ஐந்தாவது ஆளுக்காக அவர் கீழ்த்தட்டில் இடம் ஒதுக்குவார். என் அப்பா ஒதுக்கினார்.